பர்கருக்கு ஒரு ‘கொள்ளாம்’

லாஸ் ஏஞ்சலஸ் விமான நிலையத்தில் இறங்கிய என்னைத் தம்பி வீட்டுக்குக் கூட்டிப்போகவில்லை. நேராக ஒரு பர்கர் கடைக்குக் கூட்டிப்போனான். இரண்டு விமானம் மாறி, கால் வீங்கி, குளித்துவிட்டு ஒரு பிடி சோறு தின்றால் போதும் என்றிருந்தேன். அவனோ செபுல்வேடா சாலையில், விமானங்கள் தலையை உரசுவதுபோல் இறங்கும் இடத்தில் காரை நிறுத்திவிட்டு, “மொதல்ல இது. மத்ததெல்லாம் பெறகு” என்றான்.

கடையின் பெயர் இன்-அன்-அவுட். கார்களின் வரிசை கடையைச் சுற்றி வளைந்து சாலை வரை வந்திருந்தது. உள்ளேயும் கூட்டம். என்னைப்போலவே பெட்டியும் கையுமாக, இறங்கிய கையோடு வந்தவர்கள் பலர்.

அவன் என் சித்தப்பா மகன். பன்னிரண்டு வருடங்களாக கலிபோர்னியாவாசி. வீட்டு வாடகை கட்டி மாளாமல் ஓக்லஹோமா மாநிலத்தின் டல்சாவுக்குக் குடிபெயர்கிறான். மனைவியும் மகளும் முன்னாலேயே போய்விட்டார்கள். மிச்சச் சாமான்களைக் காரில் அடைத்துக்கொண்டு சுமார் 2,300 கிலோமீட்டர் ஓட்ட வேண்டும். வழித்துணைக்கு நான். “டல்சால இது கிட்டாதுண்ணே” என்றான். சொந்த ஊரை விட்டுக் கிளம்பியபோதுகூட அவன் குரல் அப்படிக் கம்மியதாக எனக்கு நினைவில்லை.

‘டபுள்-டபுள்’ வந்தது. இரண்டு மாட்டிறைச்சி வடை, இரண்டு துண்டு பாலாடைக்கட்டி, மொறுமொறுவென்று லெட்யூஸ் இலை, தக்காளி, இளஞ்சிவப்பில் ஒரு சாந்து. பட்டியலில் எழுதாமல் வாய்வழியாகவே புழங்கும் ‘அனிமல் ஸ்டைல்’ என்ற முறையில் செய்யச் சொல்லியிருந்தான். வடையைக் கடுகுச் சாந்து தடவி வாட்டி, வதக்கிய வெங்காயமும் ஊறுகாய் வெள்ளரியும் சேர்ப்பார்கள். நான் கடித்தேன். அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“எப்படி உண்டுண்ணே?”

“கொள்ளாம்” என்றேன்.

அவன் முகம் வாடிவிட்டது. கன்னியாகுமரி மாவட்டத்துக்கு வெளியே இருப்பவர்களுக்கு இந்தச் சொல்லைக் கொஞ்சம் விளக்க வேண்டும். கொள்ளாம் என்றால் நன்றாக இருக்கிறது என்றுதான் பொருள். ஆனால் அதில் துள்ளல் இருக்காது. புது மாப்பிள்ளையைப் பார்த்துவிட்டு வந்த எங்கள் பாட்டி கொள்ளாம் என்பாள். உப்பும் புளியும் சரியாக நின்ற மீன் குழம்புக்கும் அதே சொல்தான். குறை இல்லை, குதிக்கவும் ஒன்றும் இல்லை. அந்த பர்கரும் அப்படித்தான் இருந்தது. புதுசாக, சுத்தமாக, கொடுத்த காசுக்குக் குறையாமல். அவன் எதிர்பார்த்தது அதற்கு மேல் ஒன்று.

மாட்டுக்கறி எனக்குப் புதிதல்ல. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாட்டுக்கறியும் மரச்சீனி என்கிற மரவள்ளிக் கிழங்கும் தின்று வளர்ந்தவர்கள் நாங்கள். அந்தக் கறி தேங்காய்க் கீற்றும் நல்லமிளகும் சேர்ந்து கறுக்கும் வரை அடுப்பில் கிடக்கும். அமெரிக்க பர்கரிலோ இறைச்சிக்கு உப்பு, மிளகுக்கு மேல் அநேகமாக ஒன்றும் கிடையாது. சூடான கல்லில் படும் பக்கம் பழுப்பேறிக் கருகத் தொடங்கும்போது எழும் மணம்தான் அவர்களுடைய மசாலா. இறைச்சியின் புரதமும் சர்க்கரையும் சூட்டில் வினைபுரிவதால் வரும் மணம் அது. 1912-இல் அதை விவரித்த பிரெஞ்சு வேதியியலாளர் மெயார் பெயரால்தான் இன்றும் அழைக்கிறார்கள். மசாலாவைத் தேடும் நாக்குக்கு அந்த மணம் பிடிபடக் கொஞ்ச நாளாகும்.

மறுநாள் பார்ஸ்டோ என்ற ஊரில் ஐ-40 நெடுஞ்சாலையில் ஏறினோம். இருபுறமும் மொஹாவி பாலைவனம். தம்பி விடுவதாக இல்லை; கடையின் வரலாற்றைச் சொல்லிக்கொண்டே வந்தான். 1948-இல் பால்ட்வின் பார்க் என்ற ஊரில் ஹாரி ஸ்னைடர், எஸ்தர் ஸ்னைடர் தம்பதி தொடங்கியது. காரில் இருந்தபடியே ஒலிபெருக்கிப் பெட்டியில் பேசி வாங்கும் முறையை முதலில் கொண்டுவந்த கடைகளில் ஒன்று. இன்றும் குடும்பச் சொத்து. கிளை உரிமையை வெளியாருக்கு விற்பதில்லை. உருளைக்கிழங்கைக் கடையிலேயே நறுக்குகிறார்கள். உறைந்த இறைச்சி கிடையாது. அதனால் அவர்களுடைய இறைச்சிக் கூடத்திலிருந்து லாரி ஒரு நாளில் போய்ச்சேரும் தூரத்துக்குள்தான் கடை திறப்பார்கள்.

இந்தக் கடைசி விஷயம்தான் என் மனதில் நின்றது. 1992-இல் லாஸ் வேகஸில் திறக்கும்வரை கலிபோர்னியாவைத் தாண்டி ஒரு கடைகூட இல்லை. மாநிலத்தை விட்டுப் போனவனுக்கு அது கிடைக்காது. கிடைக்காததைப் பற்றி அவன் போன இடமெல்லாம் பேசுவான். கேட்டவன் தின்னாமலேயே ஏங்குவான். 2020-இல் கொலராடோவின் அரோரா நகரில் கடை திறந்தபோது கார்கள் பதினான்கு மணி நேரம் வரை காத்து நின்றதாகச் செய்தி வந்தது. பதினான்கு மணி நேரம் காத்திருக்கத் தகுந்த ருசி எந்த பர்கரிலும் இல்லை. அந்த வரிசையில் நின்றவர்கள் பல வருடப் பேச்சைத் தின்ன வந்தவர்கள்.

அரிசோனாவில் ராத்திரி பதினோரு மணிக்கு ஒரு வெளிவழியில் இறங்கினோம். உலகமெங்கும் கிளை பரப்பிய ஒரு கடை. சுவரில் இருந்த படத்தில் பர்கர் ஒரு சாண் உயரம்; காகிதத்தைப் பிரித்தால் யாரோ மேலே உட்கார்ந்து எழுந்த மாதிரி இருந்தது. பன் ஆறிப்போயிருந்தது. பசி இருந்ததால் இறங்கியது. இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

நியூ மெக்சிகோவுக்குள் நுழைந்ததும் காற்றே மாறியது. செப்டம்பர் மாதம். அல்புகர்க்கி நகரில் ஒரு மளிகைக்கடை வாசலில் கம்பிவலை உருளையைத் தீயின் மேல் சுழற்றிக்கொண்டிருந்தார்கள். உள்ளே பச்சை மிளகாய், மூட்டை மூட்டையாக. தோல் கருகி வெடிக்கும் அந்த மணம், துவையலுக்கு அடுப்பில் மிளகாய் சுடும் வீட்டை அப்படியே கொண்டுவந்து நிறுத்தியது. நீண்ட, சதைப்பற்றான மிளகாய். காரம் நம்முடையதைவிடக் குறைவு. தெற்கே ரியோ கிராண்டே ஆற்றங்கரையில் இருக்கும் ஹேட்ச் பள்ளத்தாக்கு அதற்குப் பேர்போனது. ஃபாபியான் கார்சியா என்ற தோட்டக்கலை அறிஞர் இந்த மாநிலத்து வேளாண் கல்லூரியில் பல வருடம் பாடுபட்டு 1921-இல் வெளியிட்ட ரகம்தான் இன்றைய ரகங்களுக்கு முன்னோடி.

இந்த மாநிலத்துக்கு அதிகாரபூர்வமாக ஒரு கேள்வி உண்டு: ‘சிவப்பா, பச்சையா?’ ஓட்டலில் உட்கார்ந்ததும் எந்த மிளகாய்ச் சாறு வேண்டும் என்று கேட்பார்கள். இரண்டும் வேண்டுமென்றால் ‘கிறிஸ்துமஸ்’ என்று சொல்ல வேண்டும். நான் சொன்னேன். பரிமாறிய அம்மாள் சிரித்துவிட்டுப் போனாள்.

பச்சை மிளகாய் பர்கருக்காக ஐ-40-ஐ விட்டுத் தெற்கே நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் விலகி சான் அன்டோனியோ போனோம். டெக்சாஸில் இருக்கும் பெருநகரம் அல்ல; அதே பெயரில் ஒரு சிற்றூர். ஹில்டன் ஓட்டல்களைத் தொடங்கிய கான்ராட் ஹில்டன் 1887-இல் பிறந்த ஊர். அங்கே ‘அவுல் பார்’ என்று ஒரு பழைய கடை. சுவரெங்கும் வாடிக்கையாளர்கள் ஒட்டிவைத்த டாலர் தாள்கள். 1945 ஜூலையில் முதல் அணுகுண்டை வெடித்துப் பார்த்த டிரினிட்டி என்ற பாலைவனத் திடல் இங்கிருந்து தொலைவில்லை. அந்த விஞ்ஞானிகள் இங்கே வந்து தின்றதாக ஊர் சொல்கிறது. இறைச்சி வடையின் மேல் உருகிய பாலாடைக்கட்டி, அதற்கும் மேலே சுட்டு நறுக்கிய பச்சை மிளகாய். மூக்கில் நீர் வந்தது. தம்பி பாதியில் நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடித்தான். “பன்னிரண்டு வருசத்துல நாக்கு வெளுத்துப்போச்சு லேய்” என்றேன்.

டெக்சாஸின் அமரில்லோவை அடையும்போது நள்ளிரவு. ஆரஞ்சும் வெள்ளையுமாக வரி போட்ட கடை விளக்கு எரிந்துகொண்டிருந்தது: வாட்டபர்கர். 1950-இல் கார்பஸ் கிறிஸ்டி நகரில் ஹார்மன் டாப்சன் தொடங்கியது. இரண்டு கையாலும் பிடித்துத் தின்ன வேண்டும், கடித்தவன் ‘என்ன ஒரு பர்கர்!’ என்று சொல்ல வேண்டும் என்பது அவர் ஆசை. ஆகவே ஐந்து அங்குல பன், ஆகவே அந்தப் பெயர். டெக்சாஸ் சட்டமன்றம் 2001-இல் அதை மாநிலத்தின் பொக்கிஷம் என்று அறிவித்தது. 2019-இல் பெரும்பங்கு சிகாகோ நிறுவனம் ஒன்றுக்கு விற்கப்பட்டபோது, வீட்டுப் பெண்ணைப் பிடிக்காத இடத்தில் கட்டிக்கொடுத்த மாதிரி டெக்சாஸ்காரர்கள் புலம்பித் தீர்த்தார்கள்.

பக்கத்து மேசையில் ஒரு முதியவர். எங்கள் காரின் கலிபோர்னியா எண் பலகையைச் சன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, “இப்போது நீங்கள் தின்பதுதான் நிஜமான பர்கர், அங்கே விற்பது குழந்தைகளுக்கு” என்றார். தம்பிக்குப் பொறுக்கவில்லை. சிரித்துக்கொண்டேதான் பேசினார்கள், ஆனால் இருவருமே விட்டுக்கொடுக்கவில்லை. அவர் பன்னின் அகலத்தையும் கடுகின் காரத்தையும் சொன்னார். இவன் லெட்யூஸின் பசுமையைச் சொன்னான். அப்புறம் அவர், ராணுவத்தில் வெளிநாட்டில் இருந்த நாட்களில் இதை நினைத்துத் தூங்கியதைச் சொன்னார். தம்பி, முதல் சம்பளத்தில் தின்றது இன்-அன்-அவுட்டில்தான் என்றான். இதை அவன் என்னிடம்கூட முன்பு சொன்னதில்லை.

அவர் என் பக்கம் திரும்பி எப்படி இருக்கிறது என்று கேட்டார். நன்றாக இருக்கிறது என்றேன். தமிழில் என்ன சொல்லியிருப்பேன் என்பது தம்பிக்குத் தெரியும். வெளியே வந்ததும், “இதுவும் கொள்ளாம்தானே?” என்று கேட்டுச் சிரித்தான். தன் கடை தோற்கவில்லை என்பதில் அவனுக்கு ஓர் ஆறுதல்.

அடுத்த நாள் மத்தியானம் ஓக்லஹோமாவின் எல் ரீனோ. ராக் ஐலண்ட் ரயில்வே கம்பெனியால் வாழ்ந்த ஊர்; அந்தக் கம்பெனி 1980-இல் ஓட்டத்தை நிறுத்தியது. பழைய 66-ஆம் எண் நெடுஞ்சாலை ஊருக்குள்ளே போகிறது. அகலமான தெரு, ஆளில்லாத கட்டடங்கள். 1926-லிருந்து இருக்கும் ராபர்ட்ஸ் கிரில் என்ற சின்னக் கடையில் கல்லுக்கு நேர் எதிரே உயர ஸ்டூலில் உட்கார்ந்தோம்.

கல் என்றால் நம் தோசைக்கல்தான், அளவில் பெரிது. சமைப்பவர் இறைச்சியை உருண்டையாக வைத்தார். அதன் மேல் தாள்போலச் சீவிய வெங்காயத்தை ஒரு பெரிய கை நிறைய அள்ளிப் போட்டார். இறைச்சியைவிட வெங்காயமே அதிகமாகத் தெரிந்தது. தோசைத் திருப்பியால் ஓங்கி அழுத்தினார். வெங்காயம் இறைச்சிக்குள் புதைந்தது. திருப்பிப் போட்டதும் வெங்காயம் அடியில் போய், கொழுப்பில் வெந்து, ஓரம் கருகியது. பன்னை அதன் மேலேயே கவிழ்த்து ஆவியில் மெத்தென்றாக்கினார். இடையில் ஒரு துண்டு பாலாடைக்கட்டி. அவ்வளவுதான்.

இந்த வெங்காய பர்கர் பிறந்த கதையும் அந்த வெங்காயத்தைப்போலத்தான், எளியது. 1922 ரயில்வே வேலைநிறுத்தத்தில் வந்தது என்று சிலரும், பொருளாதாரப் பெருமந்தத்தில் வந்தது என்று சிலரும் சொல்கிறார்கள். எப்படியானாலும் கையில் காசில்லாத காலம். இறைச்சி விலை அதிகம், வெங்காயம் மலிவு. கொஞ்சம் இறைச்சியை அதிகமாகக் காட்ட வெங்காயத்தை அடித்துச் சேர்த்தார்கள். காசு வந்த பிறகும் ஊர் அதை விடவில்லை. இப்போது மே மாதம் முதல் சனிக்கிழமை அதற்குத் திருவிழாவே நடத்துகிறார்கள். 850 பவுண்டுக்கு ஒரே பர்கராகச் செய்கிறார்கள்.

கடித்தோம். தம்பி ஒன்றும் கேட்கவில்லை. முதல் பர்கர் முடிந்ததும் இருவருமே இன்னொன்று சொன்னோம். அப்புறம் அவன்தான், “பாட்டி கெழங்கு கிண்டுன மாதிரி இருக்குண்ணே” என்றான்.

ருசியில் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனாலும் எனக்குப் புரிந்தது. எங்கள் ஊர் முன்பு திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. அரிசிப் பஞ்சத்தைச் சமாளிக்க மரச்சீனியைப் பயிரிடச் சொல்லி 1880-களில் ஊக்குவித்தவர் விசாகம் திருநாள் மகாராஜா. 1942-இல் பர்மா ஜப்பான் கையில் விழுந்து அரிசி வரத்து நின்றபோது அந்தக் கிழங்குதான் எங்கள் ஜனங்களைக் காப்பாற்றியது. பாட்டி சிறுமியாக இருந்த காலம். அரிசி கிடைத்த பிறகும் வாரம் நான்கு நாள் கிழங்கு அவித்து, தேங்காயும் மிளகாயும் அரைத்துப்போட்டுக் கிண்டி, சாளைக் குழம்போடு வைப்பாள். கேட்டால் “ஒரு ருசிக்கு” என்பாள். இன்று கிழங்கும் மீன்குழம்பும் ஓட்டல்களில் வாழையிலையில் ஸ்பெஷல்.

நான் கண்டவரை, வரிசையில் நிற்க வைக்கும் பர்கரின் புகழ் ஊரைவிட்டுப் போனவர்களின் பேச்சில் வளர்ந்தது. அதை விருந்தாளிக்கு ஊட்ட முடியாது. அவர்களோடு அவன் வளர்ந்திருக்க வேண்டும். தட்டுப்பாட்டில் பிறந்த தீனிக்கு அந்தத் துணை வேண்டாம். இல்லாத பொருளுக்கு ஈடுகட்ட ஒரு கை உழைத்திருக்கிறது. அந்த உழைப்பு யார் நாக்குக்கும் தெரிகிறது. அமெரிக்காவுக்குப் போகிறவர்கள் புகழ்பெற்ற கடைக்கும் போய்ப் பாருங்கள், தப்பில்லை. கூடவே, அந்த ஊர் கஷ்டகாலத்தில் எதைத் தின்றது என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

இரண்டு மாதம் கழித்து டல்சாவிலிருந்து தம்பி கூப்பிட்டான். பர்கரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அங்குள்ள மெக்சிகோக்காரர் கடையில் மரச்சீனி கிடைக்கிறதாம், பெயர் யூக்கா. மெழுகு பூசி அடுக்கி வைத்திருக்கிறார்களாம். அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. எங்கள் மரச்சீனியும் அதில் அரைத்துப்போட்ட மிளகாயும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கப்பலேறி வந்தவைதான்.