கொடி

முதலாண்டுத் தமிழ் வகுப்பிலே, “கொடி என்பது யாது?” என்று விரிவுரையாளர் வினவினார். “கோலிலே கட்டப்பட்டு ஓர் அடையாளமாகப் பறக்கும் துணி” எனத் தயங்காது விடையிறுத்தேன். விடை பிழையன்று. மாமாங்கேஸ்வரர் ஆலயத்திற் கொடியேறினால், ஆடி அமாவாசைத் தீர்த்தம் அண்மித்துவிட்டதென அமிர்தகழி அறியும். வாவியில் வலை கிடக்கும் இடத்தைத் தடியிற் கட்டிய கந்தல் துணியொன்று காட்டும். பட்டினப்பாலை வருணிக்கும் காவிரிப்பூம்பட்டினத்திலும் கள் விற்கும் வாயிலில் ஒரு கொடி, வாதுக்கு அழைக்கும் புலவர்க்கு ஒரு கொடி, மரக்கலத்தில் ஒரு கொடி. வாய்திறவாமற் செய்தி சொல்லும் வேலை கொடிக்கு அன்றே வாய்த்துவிட்டது.

விடுமுறையில் இவற்றையெல்லாம் அம்மம்மாவிடம் பெருமையோடு ஒப்புவித்தேன். களுதாவளையிலே வெற்றிலைத் தோட்டத்தோடு வாழ்ந்தவர் அவர். “துணிக்கு மட்டுமா மனே கொடி? அப்ப இது என்ன?” என்று தோட்டத்தைக் காட்டினார். நான் வாயடைத்து நின்றேன். முற்றத்தில் உடுப்புக் காயும் கயிறும் கொடி. தாலி கோத்ததும் கொடி. தாயையும் சேயையும் பிணைப்பது தொப்புள்கொடி. தாய்வழியே குடி எண்ணுகின்ற மட்டக்களப்பார்க்கு, ஈற்றிற் கூறிய கொடியே ஏனையவற்றினும் முதன்மையானது என்று எனக்குத் தோன்றுவதுண்டு. (இதைச் சொன்னபோது, “படிக்கப் போனதுக்கு இதையாவது கண்டுபிடிச்சியே” என்று சிரித்தார்.)

பின்னர் நூலகத்திலே, பரோ, எமனோ இருவரும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியைப் புரட்டினேன். 1961இல் முதலில் வெளிவந்த நூல் அது. கன்னடத்திலே ‘குடி’ என்பது கூர்நுனி, தளிர், பறக்கும் கொடியுமாம். மலையாளத்துக் ‘கொடி’யும் துணியையும் நுனியையும் ஒருங்கே சுட்டும். வளைவுப் பொருள் தரும் ‘கொடு’ என்னும் அடியினின்று இச்சொல்லைப் பிறப்பிப்போரும் உளர். படர்கொடிக்கு அது பொருந்தலாம். உச்சியிற் பறப்பதற்கு வளைவு எதற்கு? நுனி என்பதே என் மனத்துக்கு இசைகின்றது. வெற்றிலை நடுவோரும் கொடியின் நுனிப்பகுதியையே விரும்பி வெட்டி நடுவர். உயிர் முன்னேறிச் செல்லும் இடம் அதுதானே.

சென்ற மாரியில் அம்மம்மா காலமானார். ஒழுங்கை முகப்பிலிருந்து வீடுவரை வெள்ளைக்கொடி கட்டவேண்டியிருந்தது. கயிறு போதவில்லை. மாமா முற்றத்து உடுப்புக்கொடியை அவிழ்க்கச் சென்றார். அம்மம்மாவின் இரு சேலைகள் இன்னும் அதிற் கிடந்தன. அவற்றை எடுத்து மடித்து வைத்துவிட்டு, நான் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டேன். துணிகளை வரிசையாகக் கட்டி முடித்தபோது தெருவிற் சென்றோர் அண்ணாந்து பார்த்துச் சைக்கிளை விட்டிறங்கினர். எவரும் எதுவும் கேட்கவில்லை.

வெள்ளைத் துணிகளை அவிழ்த்த பின்னர் கயிறு மீண்டும் முற்றத்துக்கு வந்தது. இப்போது அதில் அம்மாவின் சேலைகள் காய்கின்றன.