பற்றுப் பாத்திரமும் ஒரு கணக்கும்

கடந்த ஒரு மாதமாக எங்கள் வீட்டில் என் ஆய்வேட்டைவிட அதிகமாக விவாதிக்கப்பட்ட பொருள், பாத்திரம் கழுவும் இயந்திரம். புனேயின் விஷ்ராந்த்வாடியில், நான் முதுகலை மொழியியல் பயின்ற டெக்கான் கல்லூரியிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் வசிக்கிறோம். நானும் கணவரும் அம்மாவும். காலைப் பாத்திரங்களை மாவ்ஷி வந்து துலக்குவார். இரவுப் பாத்திரங்கள் என் பங்கு. மன்னார்குடியிலிருந்து வந்திருக்கும் அம்மாவுக்கு மணிக்கட்டு வலி. ஆயினும் நான் மடிக்கணினியை மூடி எழுவதற்குள் அவர் தொட்டியருகே நின்றுவிடுவார். இயந்திரம் வாங்கும் பேச்சு அங்கிருந்துதான் தொடங்கியது.

கடையில் கொள்ளளவை ‘செட்’ கணக்கில் சொல்கிறார்கள். ஒரு செட் என்பது ஐரோப்பிய மேசையில் ஒருவர் உண்பதற்கான தட்டுகள், கிண்ணம், குவளை, கரண்டிகள். நம் தொட்டியில் விழுவதோ குக்கர், கடாய், இட்லித் தட்டு, பால் பாத்திரம். மூவருக்கு 8 செட் தாராளம் என்று எண்ணியிருந்தேன். எங்களுடையதைப் போன்ற ஒரு குக்கரைக் கீழ்த்தட்டில் வைத்துப் பார்த்ததும் 13 செட்டுக்கு மாறினோம்.

அடுத்தது தண்ணீர். கோடையில் எங்கள் குடியிருப்புக்கு டேங்கர் தண்ணீர்தான். கடின நீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் கண்ணாடியில் வெண்படலமாகவும் சூடேற்றும் பகுதியில் காரையாகவும் படியும். இயந்திரத்துக்குள் இருக்கும் பிசின் மணிகள் அவற்றை ஈர்த்துக்கொண்டு சோடியத்தை விடுவிக்கின்றன. அம்மணிகளைப் புதுப்பிக்கவே தனி உப்பு இடவேண்டும். சமையல் உப்பு ஆகாது. நம் நீரின் கடினத்துக்கேற்ப இதைத் திருத்திக்கொள்ளும் வசதி உண்டா என்பதே நான் கேட்ட முதல் கேள்வி.

அம்மாவின் கேள்வி வேறு: “அலசித்தான் உள்ளே வைக்கணும்னா, மெஷின் எதுக்கு?” அலச வேண்டியதில்லை, எச்சிலை வழித்துவிட்டால் போதும். சலவைத்தூளிலுள்ள நொதிகள் மாவுச்சத்தையும் புரதத்தையும் சிதைத்துவிடும். நாம் ‘பத்துப் பாத்திரம்’ என்கிறோமே, அது எண்ணிக்கையன்று, ‘பற்று’. பாத்திரத்தில் பற்றிக்கொண்ட சோறு. அந்தப் பற்றைத்தான் நொதி கரைக்கிறது. ஆனால் அலுமினியம் கறுத்துவிடும், இரும்புத் தோசைக்கல்லின் எண்ணெய்ப் பதம் போய்த் துருவேறும், ஈயச்சொம்பையும் மரக்கரண்டியையும் உள்ளே வைக்கலாகாது. ஆக, கைவேலை முற்றிலும் ஒழிவதில்லை.

இதுவரை எல்லாம் எளிது. கணவர் ஒரு தாளில் கணக்கிட்டபோதுதான் சிக்கல் வந்தது. மாவ்ஷிக்குப் பாத்திரத்துக்காக மாதம் 1,200 ரூபாய். அதை நிறுத்தினால் மூன்றாண்டில் 43,200. இயந்திரத்தின் விலை ஏறக்குறைய அதுவே. கணக்கில் பிழையில்லை. அவரைக் குறை சொல்லவும் எனக்குத் தகுதியில்லை; அதைப் பார்த்ததும் எனக்கு முதலில் தோன்றியது நிம்மதிதான். வெட்கம் பிறகே வந்தது. அம்மாவின் மணிக்கட்டுக்காகத் தொடங்கிய பேச்சு, இன்னொரு பெண்ணின் மணிக்கட்டைச் செலவுக் கணக்கில் எழுதி முடிந்திருந்தது.

இயந்திரத்தின் வரலாறும் இதற்கு அந்நியமன்று. 1886இல் அமெரிக்காவின் ஜோசபின் காக்ரேன் இதற்குக் காப்புரிமை பெற்றார். பணியாளர்கள் தம் பீங்கான் தட்டுகளை உடைத்ததே அவரைத் தூண்டியது என்பார்கள். கழுவிய கைகளைவிடத் தட்டுகளைப் பற்றிய கவலை அது. புனேக்கு வேறொரு வரலாறும் உண்டு. 1980இல் இந்நகரின் வீட்டுப் பணிப்பெண்கள் வேலைநிறுத்தம் செய்தனர். ‘புனே ஷஹர் மோல்கரீண் சங்கடனா’ அந்த எழுச்சியில் உருவானது. ‘மோல்’ என்றால் விலை, கூலி; மோல்கரீண், கூலிக்கு வேலை செய்பவள். நாம் ‘மாவ்ஷி’, அதாவது சித்தி, என்று உறவு சொல்லி அழைக்கிறோம். சங்கம் கூலியைப் பெயரிலேயே வைத்தது. மகாராஷ்டிரத்தில் நலவாரியச் சட்டம் வந்தது 2008இல். வீட்டுப் பணியாளருக்கான 2011ஆம் ஆண்டின் பன்னாட்டு உடன்படிக்கை 189ஐ இந்தியா இன்னும் ஏற்புறுதி செய்யவில்லை.

மறுநாள் மாவ்ஷியிடம் நேரடியாகவே சொன்னேன். அவர் வியப்படையவில்லை. தாம் வேலை செய்யும் இரண்டு வீடுகளில் ஏற்கெனவே இயந்திரம் வந்துவிட்டதாகவும், ஒரு வீட்டில் அம்மாதமே நிறுத்திவிட்டதாகவும் சொன்னார். பிறகு, “பாத்திரம் வேண்டாமென்றால் போளி செய்து தருகிறேன், அதற்குக் கூலி அதிகம்” என்றார். உள்ளறையிலிருந்து அம்மா, “தினமும் போளியா? நமக்குச் சர்க்கரை இருக்கேம்மா!” என்று பதறினார். மராத்தியில் போளி என்றால் சப்பாத்தி. மூவரும் சிரித்தோம். ஆனால் சிரிப்புக்கு முன்பே மாவ்ஷி தம் கணக்கை முடித்துவிட்டிருந்தார். எங்கள் தாளிலிருந்ததைவிட அது தெளிவானது.

இயந்திரம் சென்ற வாரம் டிரை பால்கனியில் வந்து அமர்ந்தது. மாவ்ஷி காலையில் போளி செய்கிறார், மாதம் 2,000 ரூபாய். தோசைக்கல்லை நாங்களே தேய்த்துக்கொள்கிறோம். மிச்சம் என்று எதுவுமில்லை. செலவு 800 ரூபாய் கூடியிருக்கிறது. எங்களால் அது முடிகிறது. அந்த மற்றொரு வீட்டில் அவர் இழந்த வருவாய்க்கு இதில் விடையில்லை.

வாங்கும் எண்ணமுள்ள நண்பர்களுக்கு: நீரின் கடினத்தைச் சோதியுங்கள், உங்கள் குக்கரின் உயரத்தை அளந்துகொண்டு கடைக்குச் செல்லுங்கள். அதற்கும் முன்பு, உங்கள் வீட்டில் பாத்திரம் துலக்குபவரிடம் ஒருமுறை பேசிவிடுங்கள்.