இரண்டு ‘ன்னு’

அம்பாசமுத்திரம் வீட்டுத் திண்ணையில் ஆச்சியை உட்கார வைத்துப் பதினொரு ஒலிப்பதிவுகள் எடுத்திருந்தேன். எல்லாம் என் சென்னை வீட்டில் ஓடும் பழைய லினக்ஸ் கணினியில், ‘ஆச்சி’ என்ற கோப்புறையில் இருந்தன. பக்கத்திலேயே ‘ஆச்சி நகல்’ என்று இன்னொன்று. எட்டுப் பதிவுகள் ஆனபோது எடுத்து வைத்த பிரதி.

ஒருநாள் வட்டு நிறைந்துவிட்டது. அலுவலகத்தில் இருந்தபடியே வீட்டுக் கணினியில் தேவையில்லாதவற்றைக் கழித்துக்கொண்டிருந்தேன். அந்த நகல் எதற்கு என்று தோன்றியது. எஸ்எஸ்ஹெச், வீட்டுக் கணினியின் பெயர், ஆர்எம், மைனஸ் ஆர்எஃப். பெயரில் இடைவெளி இருக்கிறதே என்று கவனமாக இரட்டை மேற்கோளுக்குள் “ஆச்சி நகல்”. என்டர். ஒரு பிழைச்செய்தியும் வரவில்லை. ராத்திரி வீட்டுக்கு வந்து பார்த்தால் ‘ஆச்சி நகல்’ பத்திரமாக இருக்கிறது. ‘ஆச்சி’யைக் காணோம்.

நடந்தது இதுதான். ஷெல் என்பது நாம் தட்டும் வரியை இடைவெளி கண்ட இடத்தில் நறுக்கித் துண்டுகளாக்கும். மேற்கோள்குறி என்பது ‘இங்கே நறுக்காதே’ என்று ஷெல்லுக்குச் சொல்வது. ஷெல் அதைப் படித்ததும் கழற்றிப் போட்டுவிடும். ஓடப்போகும் நிரலுக்கு அப்படி ஒரு குறி இருந்ததே தெரியாது. யுனிக்ஸில் துண்டுகள் தனித்தனியாக, ஒரு பட்டியலாகத்தான் நிரலின் கைக்குப் போகின்றன. அதுவரை ஒழுங்குதான். ஆனால் எஸ்எஸ்ஹெச் அந்தத் துண்டுகளை மறுபடி இடைவெளி விட்டு ஒட்டி, ஒரே வரியாக அந்தப் பக்கம் அனுப்புகிறது. அங்கே இன்னொரு ஷெல் கத்தியோடு நிற்கிறது. மேற்கோளை இந்தப் பக்கமே கழற்றியாகிவிட்டது. அது ‘ஆச்சி’யை அழித்தது, ‘நகல்’ என்று எதுவும் இல்லை, மைனஸ் எஃப் போட்டிருந்ததால் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

சின்ன வயதில் ஆச்சி என்னை முக்குக் கடைக்கு அனுப்புவாள். “சாயங்காலம் காசு தர்றேன்னு ஆச்சி சொன்னாவன்னு சொல்லு.” நான் ஓடிப்போய் மூச்சிரைக்க, “அண்ணாச்சி, சாயங்காலம் காசு தர்றேன்” என்பேன். “நீயால தரப்போற?” என்று கடையே சிரிக்கும். அந்த வாக்கியத்தில் இரண்டு ‘ன்னு’ இருக்கிறது. ஒன்று எனக்கு, நான் கழற்ற வேண்டியது. மற்றது அண்ணாச்சியிடம் போய்ச் சேர வேண்டியது. நான் இரண்டையும் வழியிலேயே தின்றுவிட்டேன். ஓலைச்சுவடியில் சொல்லுக்கு நடுவே இடைவெளியும் கிடையாது, மேற்கோள்குறியும் கிடையாது. யார் பேச்சு எங்கே முடிகிறது என்பதை ‘என்று’தான் காட்டியது. இரண்டு வாய் தாண்ட வேண்டிய சேதிக்கு இரண்டு ‘ன்னு’ வேண்டும். எஸ்எஸ்ஹெச் வழியே போக, வெளியே ஒற்றை மேற்கோள், உள்ளே இரட்டை மேற்கோள். அவ்வளவுதான். பத்து வருஷமாகச் சம்பளம் வாங்கும் வேலையில் இதைத் தெரியாமல் இருந்திருக்கிறேன். தெரியாமல் என்றும் சொல்ல முடியாது. அன்றைக்கு நினைவில் இல்லை.

விண்டோஸ் இன்னும் மோசம். அங்கே பட்டியலே கிடையாது. கிரியேட்பிராசஸ் முழு வரியையும் ஒரே சரமாகத் தூக்கிக் கொடுத்துவிடும், நறுக்குவது அந்தந்த நிரலின் பாடு. சிஎம்டிக்கு ஒற்றை மேற்கோள் என்பது வெறும் எழுத்து. இரட்டை மேற்கோளுக்கு முன்னால் பின்சாய்கோடு வந்தால் அதற்குத் தனிக் கணக்கு. வெளி நிரல்களை அழைக்கும்போது உள்ளே இருக்கும் இரட்டை மேற்கோளைத் தொலைத்துவிடும் பழக்கம் பவர்ஷெல்லுக்கு உண்டு. 2022இல் வந்த 7.3 பதிப்பில்தான் அது சீரானது.

2001 நவம்பரில் ஐடியூன்ஸ் 2.0ஐ நிறுவும் ஸ்கிரிப்டில் மேற்கோள்குறி விட்டுப்போனது. வட்டின் பெயரில் இடைவெளி வைத்திருந்த சிலருக்கு வட்டே துடைக்கப்பட்டது. கல்லூரியில் இதைப் படித்துவிட்டு விடுதி அறையில் விழுந்து விழுந்து சிரித்தது ஞாபகம் இருக்கிறது.

மீட்பு மென்பொருளை இரண்டு ராத்திரி ஓடவிட்டேன். பாதிப் பாட்டு ஒன்று கிடைத்தது, ஏதோ பழைய எம்பி3. ஒன்பதும் பத்தும் பதினொன்றும் போனது போனதுதான். பதினொன்றாவதின் கடைசியில் ஆச்சி, “அத அமத்துல, சும்மா பேசுவோம்” என்பாள். நான் அமத்தினேன். அதற்குப் பிறகு என்ன பேசினோம் என்பது எப்படியும் எந்தக் கோப்பிலும் இல்லை.

ஆச்சியின் திவசத்துக்கு ஊருக்குப் போயிருந்தபோது அம்மா, “கடைசியா பேசினதப் போடுப்பா” என்றாள். எட்டாவதைப் போட்டேன். கண்ணை மூடிக்கொண்டு முழுசாகக் கேட்டாள். முடிந்ததும் கொஞ்ச நேரம் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இதுக்கப்புறமும் பேசினாவளே?”

சார்ஜர் எங்கே என்று தேடப் போனேன்.