அக்காவுக்குப் போன் போடும் முறை



பாகூரில் தனியாக இருக்கும் என் அக்காவை உங்களில் பலருக்குத் தெரியும். வயது 78. சர்க்கரை உண்டு. காலையில் இன்சுலின் ஊசி போட்டால் அரை மணிக்குள் சாப்பிட்டாக வேண்டும். ஊசி போட்டுவிட்டுச் சாப்பிட மறந்தால் மயக்கம் வந்துவிடும். பிள்ளைகள் எல்லாம் வெளியூரில். அதனால் நாங்கள் ஏழு பேர் கிழமைக்கு ஒருவராக, காலையில் போன் போட்டு "ஊசி ஆச்சா, சாப்பிட்டாச்சா" என்று கேட்பதாக முறை வைத்துக்கொண்டோம்.

யாருக்கு என்றைக்கு முறை என்பதுதான் மறந்துபோகும். பெங்களூரில் வேலை பார்க்கும் என் பழைய மாணவர் பொங்கலுக்கு ஊருக்கு வந்தபோது இதைச் சொன்னேன். "சார், காலையில ஆறு மணிக்கு நம்ம டெலிகிராம் குழுவுக்கு, இன்னைக்கு யார் முறைன்னு தானா செய்தி போற மாதிரி பண்ணிடலாம். சர்வர்லெஸ்ல வச்சா தனியா கம்ப்யூட்டர் எதுவும் ஓட வேண்டாம்" என்றார்.

சர்வர்லெஸ் என்றால் சர்வர் இல்லை என்று பொருள் இல்லையாம். சர்வர் எங்கோ இருக்கிறது. அதைப் பராமரிப்பது நம் வேலை இல்லை, அவ்வளவுதான். நம் ஏரியில் மடை திறப்பவர் நாள் முழுக்க மடை மேலேயே உட்கார்ந்திருப்பதில்லை. முறை வரும்போது வந்து திறப்பார், மூடுவார், போய்விடுவார். அதே மாதிரி நம் நிரலும் கூப்பிட்டால் எழுந்து, வேலையை முடித்துவிட்டுப் படுத்துவிடும். அமேசான் 2014இல் லாம்டா என்ற பெயரில் கொண்டுவந்த சேவை இந்த வகைதான். அதில் ஒரு தடவைக்கு அதிகபட்சம் 15 நிமிடம் ஓடலாம். நமக்கு ஒரு விநாடி போதும்.

சரி, அதை எழுப்புவது யார்? கிரான் என்று ஒரு நேர அட்டவணை முறை. 1970களில் யூனிக்ஸ் கணினிகளில் வந்தது, இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. நாங்கள் பயன்படுத்தியதில் நிமிடம், மணி, தேதி, மாதம், கிழமை, ஆண்டு என்று ஆறு கட்டங்கள். நானே ஆசையாகத் தட்டச்சு செய்தேன்: 0 6 * * ? *. தினமும் ஆறு மணி. சோதனைப் பொத்தானை அழுத்தினோம். செய்தி வந்தது. கைதட்டினோம். மாணவர் ஊருக்குக் கிளம்பிவிட்டார்.

மறுநாள் ஞாயிறு. ஆறு மணிக்குச் செய்தி வரவில்லை. அன்றைக்கு யாருடைய முறையோ, அவர் செய்தி வந்ததும் பேசலாம் என்று இருந்துவிட்டார். மற்றவர்கள், அவர் பேசியிருப்பார் என்று இருந்தார்கள். ஒன்பது மணிக்குப் பக்கத்து வீட்டு அம்மா, வாசலில் கோலம் இல்லையே என்று எட்டிப் பார்த்தபோது அக்கா திண்ணையில் சரிந்து கிடந்தாள். சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து எழுப்பினார்கள். பிழைத்துக்கொண்டாள். எங்கள் செய்தி 11:30க்கு வந்து சேர்ந்தது.

தவறு என்னுடையது. அந்த அட்டவணை நம் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை; உலகப் பொது நேரத்தைப் பார்க்கிறது. முப்பது வருஷம் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம்தானே? நம் திட்ட நேரம் 82.5 பாகை கிழக்கு. 15 பாகைக்கு ஒரு மணி. ஆக ஐந்தரை மணி முன்னால் இருக்கிறோம். அங்கே ஆறு என்றால் இங்கே 11:30. நமக்கு ஆறு வேண்டுமென்றால் 30 0 * * ? * என்று எழுத வேண்டும். ஐந்து மணி என்று வைத்திருந்தால் அங்கே அது முந்தைய நாள் இரவு 11:30. கிழமையே மாறிவிடும். இப்போது ஆசியா/கொல்கத்தா என்று நேர மண்டலத்தையே குறிப்பிடும் வசதியும் வந்திருக்கிறது. அதற்கு மாற்றிவிட்டோம்.

பொத்தானை அழுத்திப் பார்த்தது நிரலைச் சோதித்ததே தவிர, நேரத்தைச் சோதிக்கவில்லை. ஐந்து நிமிடம் கழித்து ஓடும்படி வைத்துக் காத்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும்.

அதைவிடப் பெரிய தவறு ஒன்று. பள்ளியில் மணி அடிக்கவில்லை என்றால் முந்நூறு பிள்ளைகள் ஓடிவந்து சொல்வார்கள். இது ஓடாவிட்டால் சத்தமே வராது. அதனால் 7:30க்கு இரண்டாவது ஒரு வேலை வைத்திருக்கிறோம். பேசியவர் குழுவில் "பேசிட்டேன்" பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தவில்லை என்றால் எனக்கும் பக்கத்து வீட்டு அம்மாவுக்கும் செய்தி போகும். எப்போதாவது ஒரே வேலை இரண்டு தரம் ஓடிவிடவும் வாய்ப்பு உண்டாம். அதற்காக, இன்று அனுப்பியாயிற்று என்று நிரல் தேதியோடு எழுதிவைத்துக்கொள்கிறது.

கோலத்தைப் பார்க்கும் வேலையைப் பக்கத்து வீட்டு அம்மாவிடமிருந்து நாங்கள் வாங்கவில்லை. "நீங்க மெஷின் வச்சுக்குங்க, நான் ஒரு எட்டு பார்த்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டார்.

அப்பா அம்மாவுக்காக இப்படி ஏதாவது செய்து வைத்திருக்கும் மாணவர்கள் இன்றைக்கே நேர மண்டலத்தைத் திறந்து பாருங்கள். ஓடாவிட்டால் யாருக்குத் தெரியும் என்றும் பாருங்கள்.

நம் ஏழு பேருக்கும் ஒன்று. ஆறு மணிக்குச் செய்தி வந்தாலும் வராவிட்டாலும், உங்கள் கிழமையில் அக்காவைக் கூப்பிட்டுவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் சார்