புது ஊர் தேடி – 2: நல்ல தண்ணி வரும் நாள்

விடியற்காலை ஆறு மணிக்குக் கோவை ஜங்ஷனில் இறங்கியதும் தங்கையின் மகள் கேட்ட முதல் கேள்வி: "மாமா, இங்க வெளியிலயே ஏசி போட்டிருக்காங்களா?"

தை மாதக் குளிர். கடல் மட்டத்திலிருந்து 400 மீட்டருக்கு மேலே, மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காட்டுக் கணவாய் வாய் பிளக்கிற இடத்துக்குக் கிழக்கே உட்கார்ந்திருக்கிற ஊர் இது. ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர் அகலமுள்ள அந்த வாசல் வழியாகத்தான் தென்மேற்குப் பருவத்தில் காற்று அள்ளிக்கொண்டு வருகிறது. இந்தக் காலையில் கீதா ஹால் ரோட்டு டீக்கடைகளில் எல்லோரும் கண்ணாடி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்கள். சென்னையிலிருந்து வந்தவர்களுக்கு வேறென்ன வேண்டும்? தங்கைக்கு அந்த நிமிடமே ஊர் பிடித்துவிட்டது, முகத்தில் தெரிந்தது. மாப்பிள்ளை மட்டும் டீயைக் குடித்துவிட்டு, "மே மாசம் எப்படி இருக்கும்னு யாரையாவது கேக்கணும்" என்றார்.

போன இதழில் திருச்சியைப் பார்த்த கதையைச் சொல்லியிருந்தேன். காவிரி பிடித்திருந்தது, மாப்பிள்ளைக்கு ஏற்ற வேலைதான் அமையவில்லை. இரண்டாவதாக அவர்கள் குறித்து வைத்திருந்த ஊர் கோவை. மூன்று நாள் அவர்களோடு நானும் அலைந்தேன்.

அவர்கள் ஏன் சென்னையை விட்டுக் கிளம்ப நினைக்கிறார்கள் என்பதைப் புதிதாகப் படிப்பவர்களுக்காக ஒரு முறை சொல்லிவிடுகிறேன். வேளச்சேரியில் தரைத்தள வீடு. 2015 டிசம்பரில் இடுப்பளவு தண்ணீர் உள்ளே வந்தது. 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் குடிநீர் கொண்டுவந்தார்களே, அப்போது தங்கை ராத்திரி இரண்டு மணிக்கு லாரிக்காகக் காத்திருந்தாள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல், மறுபடியும் வீட்டுக்குள் வெள்ளம். எட்டு ஆண்டுக்குள் இரண்டு முறை தண்ணீர் மிகுந்தும் ஒரு முறை தண்ணீர் இல்லாமலும் அந்த வீடு திண்டாடியது. ஆகவே அவள் கையில் இருந்த நோட்டில் முதல் பக்கத்தில் ஒரே ஒரு சொல்தான் எழுதியிருந்தாள்: தண்ணி. பள்ளிக்கூடம், வாடகை, ஆஸ்பத்திரி எல்லாம் அடுத்த பக்கங்களில்.

காந்திபுரத்தில் 70-ஆம் நம்பர் பஸ் பிடித்து வடவள்ளிக்குப் போனோம். மருதமலை அடிவாரம் வரை போகிற வண்டி. வழியில் மருத மரங்களும் புளிய மரங்களும் சூழ்ந்த வேளாண் பல்கலைக்கழகம் வந்தது. அதுவும் சென்னையிலிருந்து இடம் மாறி வந்ததுதான்: 1868-இல் சைதாப்பேட்டையில் ஒரு வேளாண் பள்ளியாகத் தொடங்கி, 1906-இல் கோவைக்கு வந்தது. இதைச் சொன்னதும் தங்கைக்கு ஒரு சந்தோஷம். தனக்கு முன்னால் ஒரு கல்லூரியே இந்த முடிவை எடுத்திருக்கிறது என்று.

வடவள்ளி 2011-இல்தான் மாநகராட்சியோடு சேர்ந்தது. அதற்கு முன் பேரூராட்சி. இன்னும் அந்தச் சாயல் போகவில்லை. தெருமுனையில் நின்றால் மலை தெரிகிறது, வீட்டு வாசல்களில் கோலம், மாடியில் 'டூலெட்' அட்டை. இரண்டாவதாகப் பார்த்த வீட்டின் சொந்தக்கார அம்மாவுக்கு எழுபது வயதிருக்கும். "வா அம்மிணி, மெட்ராஸ்ல இருந்துங்களா வர்றீங்க?" என்று உள்ளே கூப்பிட்டு, வீட்டைக் காட்டுவதற்கு முன்னால் ஒரு சொம்புத் தண்ணீர் கொடுத்தார். சிறுவாணித் தண்ணீர்.

அந்தத் தண்ணீரின் சுவையைப் பற்றிக் கோவைக்காரர்கள் பேசும் பெருமை தமிழ்நாட்டுக்கே தெரியும். குடித்துப் பார்த்தால் அந்தப் பெருமையில் நியாயம் இருக்கிறது. உப்பும் இல்லை, மண் வாசமும் இல்லை. தொண்டையில் தங்காமல் இறங்குகிறது. குழந்தை இன்னொரு டம்ளர் கேட்டாள்.

தங்கை நோட்டைத் திறந்தாள். "எத்தன நாளைக்கு ஒருக்கா வரும்ங்கம்மா?"

"நல்ல தண்ணி எட்டு நாளைக்கு ஒருக்கா வருதுங்க. சில சமயம் பத்தும் ஆகும். வந்தா ரெண்டு, மூணு மணி நேரம். சம்ப்புல புடிச்சு வெச்சுக்குவோம். உப்புத் தண்ணி போர்ல எப்பவும் வரும், பொழங்கறதுக்கு அது போதுமுங்க. வெய்யக் காலத்துல மட்டும் கொஞ்சம் பாத்துச் செலவு பண்ணோணும்."

கோவையில் தண்ணீர் என்று பொதுவாக யாரும் சொல்வதில்லை. நல்ல தண்ணி வேறு, உப்புத் தண்ணி வேறு. இரண்டு குழாய், இரண்டு தொட்டி, இரண்டு கணக்கு. வாடகைக்கு வீடு பார்க்கிறவர் சம்ப் எத்தனை லிட்டர் கொள்ளும் என்று கேட்காமல் அட்வான்ஸ் கொடுத்தால் அதற்கான வருத்தத்தை எட்டாவது நாள் படுவார். அந்த அம்மாவின் சம்ப் ஆறாயிரம் லிட்டர். மூன்று குடித்தனத்துக்குப் பொது. தங்கை அங்கேயே கணக்குப் போட்டாள்: குடித்தனத்துக்கு இரண்டாயிரம், பத்து நாளைக்கு என்று வைத்தால் ஒரு நாளைக்கு இருநூறு லிட்டர். குடிக்க, சமைக்க என்றால் தாராளம்.

இந்தத் தண்ணீர் வரும் வழியைப் புரிந்துகொண்டால்தான் எட்டு நாள் கணக்கு புரியும். சிறுவாணி அணை இருப்பது கேரளத்தில், பாலக்காடு மாவட்டத்தில். 1973-இல் தமிழகமும் கேரளமும் செய்துகொண்ட 99 ஆண்டு ஒப்பந்தத்தின்படி ஆண்டுக்கு 1.3 டி.எம்.சி. வரை கோவைக்கு எடுத்துக்கொள்ளலாம். இப்போதைய அணை 1984-இல் முடிந்தது. மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகத் தண்ணீர் இந்தப் பக்கம் வருகிறது. மழை அந்தப் பக்கம் பெய்தால்தான் இந்தப் பக்கம் குழாயில் வரும். 2017 கோடையில் அணை அடிமட்டத்துக்குப் போய், ஊர் தவித்ததைப் பலர் இன்னும் சொல்கிறார்கள். மேற்குப் பகுதிகளுக்குச் சிறுவாணி என்றால், வடக்கு, கிழக்குப் பகுதிகளில் பலவற்றுக்கு பவானி ஆற்றின் பில்லூர் அணைத் தண்ணீர். மலை மறைவில் இருப்பதால் கோவைக்குக் கிடைக்கும் மழை சென்னையில் பெய்வதில் ஏறக்குறைய பாதிதான். வெள்ள பயம் குறைவு, வறட்சி பயம் உண்டு. சென்னையிலிருந்து இங்கே வருகிறவர் ஒரு பயத்தைக் கொடுத்து இன்னொன்றை வாங்குகிறார். இதைத் தெரிந்தே வாங்க வேண்டும் என்பதுதான் என் கட்சி.

24 மணி நேரமும் குழாயில் தண்ணீர் தருவதற்கு மாநகராட்சி 2018-இல் ஒரு பிரெஞ்சு நிறுவனத்துடன் 26 ஆண்டு ஒப்பந்தம் போட்டது. அதற்கான குழாய்களைப் பதிக்கத் தோண்டிய தெருக்களைப் போகிற இடமெல்லாம் பார்த்தோம். பேரூர் ரோட்டுப் பக்கம் ஒரு மளிகைக்கடைக்காரர், "குழி வெட்டுனது தெரியுதுங்க, தண்ணி இன்னும் தெரியலீங்க" என்றார்.

வடவள்ளி அம்மா இன்னொன்றும் சொன்னார். ராத்திரி எட்டு மணிக்கு மேல் மருதமலை அடிவாரப் பக்கம் நடக்க வேண்டாம், யானை வரும் என்று. போன மாதம் நாலு தெரு தள்ளி வந்து ஒரு காம்பவுண்டு சுவரைச் சாய்த்துவிட்டுப் போனதாம். குழந்தைக்கு யானையைப் பார்க்க ஆசை. மாப்பிள்ளைக்கு இரவு ஷிப்ட் முடிந்து வரும் தன் நிலைமை கண்ணில் வந்தது. தடாகம், மருதமலை, தொண்டாமுத்தூர் என்று மலையை ஒட்டிய இடமெல்லாம் யானை வருகிற இடம்தான். அது நடந்த தடத்தின் மேல் மனைப்பிரிவு போட்டவர்கள் நாம். அடிவாரத்தை நெருங்கி வீடு பார்ப்பதில்லை என்று அன்று மாலையே இருவரும் தீர்மானித்தார்கள். அந்த முடிவு எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

இரண்டாம் நாள் வேலை நாள். மாப்பிள்ளை சென்னையில் அம்பத்தூரில் டூல் ரூமில் இருக்கிறார். கோவை அவருடைய தொழிலுக்குத் தாய்வீடு மாதிரி. 1888-இல் ஸ்டேன்ஸ் மில் வந்தது. 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்ததும் மில்கள் வரிசையாக முளைத்தன. மில்லுக்கு உதிரிபாகம் செய்ய வந்த பட்டறைகள் பிறகு பம்பு, மோட்டார், வெட் கிரைண்டர் என்று வளர்ந்தன. ஜி.டி.நாயுடு மின்மோட்டார் செய்த ஊர். கணபதியில் ஒரு சந்துக்குள் நடந்தோம். இரண்டு பக்கமும் லேத், மில்லிங், பவுண்டரி, 'ஜாப் ஒர்க் எடுக்கப்படும்' என்ற பலகை. சூடான இரும்பும் கட்டிங் ஆயிலும் கலந்த அந்த வாசனையில் மாப்பிள்ளையின் நடையே மாறிவிட்டது. ஏற்கெனவே போனில் பேசியிருந்த ஒரு பட்டறை முதலாளி அவரை ஒரு மிஷின் முன்னால் நிறுத்தி, ஒரு டையைக் கையில் கொடுத்து, "இதுல என்னங்க தப்பு?" என்று கேட்டார். அதுதான் நேர்முகத் தேர்வு. இருபது நிமிடத்தில் சம்பளம் பேசியாயிற்று. சென்னையைவிடக் கொஞ்சம் குறைவு, வாடகையில் மிச்சமாவதைச் சேர்த்தால் சரியாகிவிடும்.

வேலை கிடைத்துவிட்டது என்று நின்றுவிடாமல், அவர் அன்றைக்கே அந்த வழியைப் போய்ப் பார்த்தார். காலை எட்டு மணிக்கு வடவள்ளியில் பஸ் ஏறினால் கணபதிக்கு எவ்வளவு நேரம்? லாலி ரோடு சிக்னலில் நின்று, காந்திபுரத்தில் வண்டி மாறி, ஒரு மணி பத்து நிமிடம். ஊருக்கு நடுவே அவிநாசி சாலையில் 10.1 கிலோமீட்டர் நீளத்துக்கு, தமிழ்நாட்டிலேயே மிக நீளமான மேம்பாலம் 2025 அக்டோபரில் திறந்திருக்கிறார்கள். ஜி.டி.நாயுடு பெயர்தான் அதற்கும். கோல்டுவின்ஸிலிருந்து உப்பிலிபாளையம் வரை அது பறக்கிறது. வடவள்ளிக்காரருக்கு அதனால் நேரடிப் பயன் இல்லை. நல்ல தண்ணீர் மேற்கே, வேலை வடக்கேயும் கிழக்கேயும். இந்த ஊரில் வீடு தேடுகிற எல்லோரும் முட்டிக்கொள்கிற இடம் இதுதான்.

பள்ளிகளைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. நிறைய இருக்கின்றன, ஆறாம் வகுப்புக்கு இடம் கிடைக்கும் என்றார்கள். மருத்துவமனைகளும் அப்படியே. மாப்பிள்ளையின் அம்மாவுக்குக் கண் பார்க்க வேண்டும், அரவிந்த் இங்கேயும் இருக்கிறது.

மூன்றாம் நாள் காலை உக்கடம் பெரியகுளக் கரையில் நடந்தோம். நொய்யல் ஆற்றிலிருந்து வாய்க்கால் வழியாக நிறைகிற பழைய குளங்களில் ஒன்று. கரையைச் சீராக்கி நடைபாதை போட்டிருக்கிறார்கள். தாத்தாக்கள் நடக்கிறார்கள், பையன்கள் செல்பி எடுக்கிறார்கள். அழகாகத்தான் இருக்கிறது. தண்ணீரில் ஆகாயத்தாமரையும் சாக்கடையும் கலப்பதும் கண்ணுக்குத் தெரிகிறது. கரைக்குச் செலவழித்ததில் ஒரு பங்கை வாய்க்காலுக்குச் செலவழித்திருந்தால் குளம் பிழைக்கும்.

மதியம் வெள்ளலூர் போனோம். அங்கே வாடகை குறைவு, கணபதிக்குச் சுற்றிப் போனாலும் வண்டி ஓட்டலாம் என்று ஒரு தரகர் சொல்லியிருந்தார். அவர் சொல்லாதது, நகரத்தின் குப்பையெல்லாம் போய்ச் சேருகிற ஏறக்குறைய 650 ஏக்கர் கிடங்கு அங்கேதான் என்பது. 2024 ஏப்ரலில் அது பற்றி எரிந்து பல நாள் புகைந்தது. நாங்கள் போன நேரம் காற்று இல்லை, இருந்தும் வாடை இருந்தது. வாசலில் காய்கறி நறுக்கிக்கொண்டிருந்த ஒரு அக்கா, "சாயங்காலம் வந்து பாருங்க, ஜன்னல தொறக்க முடியாது. போத்தனூர் பக்கம் காத்து திரும்புனா அவங்க பாடு" என்றார். ஊர் போடுகிற குப்பையை இந்த இரண்டு மூன்று பேட்டைகள்தான் மூச்சில் சுமக்கின்றன. இவர்களுக்கு ஒரு விடிவு வர வேண்டும். தங்கை வெள்ளலூர் என்று எழுதிய பக்கத்தை மடித்துவிட்டாள்.

ரயிலுக்கு நேரம் இருந்ததால், காந்திபுரத்தில் பழைய ஜெயில் நிலத்தில் 45 ஏக்கரில் புதிதாகத் திறந்திருக்கும் செம்மொழிப் பூங்காவுக்குக் குழந்தையை அழைத்துப் போனோம். மூன்று நாளும் வீட்டுத் தொட்டிகளையே பார்த்துச் சலித்திருந்த அவள் ஓடித் தீர்த்தாள்.

முடிவு என்ன? ஊர் பிடித்திருக்கிறது, வேலை உண்டு. வடவள்ளிக்கும் கணபதிக்கும் நடுவில், கவுண்டம்பாளையத்திலும் சாய்பாபா காலனியின் உள்தெருக்களிலும் மூன்று வீடுகளைக் குறித்து வைத்திருக்கிறார்கள். அட்வான்ஸ் இன்னும் கொடுக்கவில்லை. பட்டறை முதலாளி ஜூன் வரை காத்திருக்கச் சம்மதித்திருக்கிறார். மே மாதம் இரண்டாம் வாரம் மறுபடி வந்து, ஒரு வாரம் அறை எடுத்துத் தங்கி, அந்தத் தெருக்களில் நல்ல தண்ணி வருகிற நாளைக் கண்ணால் பார்த்த பிறகே கையெழுத்து என்று மாப்பிள்ளை சொல்லிவிட்டார்.

அதற்குள் கவுண்டம்பாளையம், சாய்பாபா காலனி வாசகர்கள் உதவலாம். போன கோடையில் உங்கள் தெருவில் எத்தனை நாளைக்கு ஒருக்கா நல்ல தண்ணி வந்தது, எத்தனை மணி நேரம் வந்தது என்று ஒரு கார்டு எழுதிப் போடுங்கள். தங்கையின் நோட்டில் அந்தப் பக்கம் காலியாகவே இருக்கிறது.

(அடுத்த இதழில்: மைசூர்)