டிஸ்கிரெஷன்

2004இல் எனக்கு வந்த கடிதத்தில், அகதி அந்தஸ்து இல்லை, ஆனால் மூன்று வருடம் இருக்கலாம் என்றிருந்தது. அந்த விசாவுக்குப் பெயர் 'டிஸ்கிரெஷனரி லீவ்'. பிரித்தானியாவில் 2003 ஏப்ரலில்தான் அந்தப் பெயரே வந்தது. லீவ் என்றால் அங்கே அனுமதி. நான் விடுமுறையாக்கும் என்று முழித்தது வேறு கதை.

மற்றச் சொல்தான் என்னை விடவில்லை. கம்பஸ் படிப்பை இடையில் விட்டவனுக்கு அகராதி பார்க்கிற பழக்கம் மட்டும் மிச்சம். டிஸ்கிரெஷன் என்றால் நிதானித்துத் தீர்மானிக்கிற அறிவு. எங்கட நாட்டுச் சட்டத்தமிழில் 'தற்றுணிபு', அதாவது தானாகத் துணிவது. ஆனால் லத்தீன் வேரில் துணிவு கிடையாது. 'செர்னெரே' என்றால் அரித்துப் பிரிப்பது. அரிதட்டுக்கு அவர்கள் சொன்ன 'கிரிப்ரும்' கூட அதே வேர்தான். எங்கட 'விவேகம்' மட்டும் என்ன, சமஸ்கிருதத்தில் அதுவும் பிரித்தறிவதுதான்.

உணவகக் குசினியில் மா அரிக்கும்போதெல்லாம் அந்தக் கடிதம் ஞாபகம் வரும். விசாரணையில் நாலு மணித்தியாலம் சொன்னேன். அதில் எது கீழே விழுந்தது, எது தட்டில் நின்றது என்று இன்றைக்கும் தெரியாது.

அம்மா அரிசிமா அரித்தால், மிஞ்சுகிற கப்பியை எறியமாட்டா. திருப்பி உரலில் போட்டு இடித்து, இன்னொருக்கா அரிப்பா.