மார்ட்டன் பரங்கி, ஆரணி வேர்க்கடலை

இலினாய் மாநிலத்தில் நாங்கள் குடியிருக்கும் பியோரியாவுக்குப் பக்கத்து ஊர் மார்ட்டன். சிற்றூர்தான். ஆனால் அமெரிக்காவில் டின்னில் விற்கும் பரங்கிக்காய் விழுதின் பெரும்பகுதி அங்குள்ள லிபீஸ் ஆலையில்தான் தயாராகிறது. 1978-இல் மாநில ஆளுநரே அவ்வூரை உலகின் பரங்கிக்காய்த் தலைநகர் என்று அறிவித்தார்.

ஆலைக்குப் போகும் காய், ஹாலோவீனுக்குக் கண்ணும் வாயும் செதுக்கும் ஆரஞ்சு உருண்டை இல்லை. டிக்கின்சன் என்ற ரகம். வெளிர் பழுப்புத் தோல், நீள உடம்பு, கெட்டிச் சதை. தாவரவியல்படி நம் பரங்கிக்காயும் அதுவும் ஒரே இனம்: குக்குர்பிட்டா மொஸ்காட்டா. பிறந்த மண் அமெரிக்கக் கண்டம். போர்த்துக்கீசியர் வந்த பிறகுதான் நம் பக்கம் அந்தக் கொடி படர்ந்தது.

ஆரணியில் வளர்ந்த எனக்கு இது பெரிய செய்தி. எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு குழித்தறி. ஐப்பசி, கார்த்திகை மழையில் தறிக்குழியில் தண்ணீர் ஊறிவிடும். தெருவில் பாவு நீட்ட முடியாது. பட்டு நூல் ஈரம் வாங்கிக்கொள்ளும். சேலை அறுத்துக் கொடுத்தால்தான் கூலி; தறி நின்றால் அடுப்பும் தடுமாறும். அப்போது பரண்மேல் இருந்த பரங்கிக்காய்தான் எங்களைக் காப்பாற்றியது. நறுக்காதவரை மாதக்கணக்கில் கெடாத காய் அது. அம்மா ஒரே காயைக் கூட்டு, புளிக்குழம்பு, தோல் துவையல் என்று பிரித்துப் பிரித்துச் சமைப்பார். மார்கழியில் அதன் பூ கோலத்தின் நடுவே உட்காரும். தையில் அதன் துண்டுகள் இல்லாமல் பொங்கல் குழம்பு கொதிக்காது.

இத்தனை உரிமையோடு எங்கள் தெரு வைத்திருந்த காய், நான் பிழைக்க வந்த கண்டத்தின் காய். பசிக்கு உதவியதை எந்த ஊர் என்று எங்களில் யாரும் கேட்கவில்லை. இதைத் தெரிந்துகொண்ட பிறகு, வந்தேறி என்று எனக்குள் இருந்த கூச்சம் வெகுவாகக் குறைந்தது. பரங்கிக்காய் க்ரம்பிள் கேக்கை நான் ஆசையோடு கற்றுக்கொண்டது அப்போதுதான்.

காபிக்குத் துணையாகச் சாப்பிடுகிற கேக் இது, காபித்தூள் சேராது. மைதா, முட்டை, வெண்ணெய், பழுப்புச் சர்க்கரை, பரங்கி விழுது. வீட்டில் வேகவைத்து மசித்த விழுதைத் துணியில் கட்டித் தொங்கவிட்டு நீரை வடிக்க வேண்டும். மாவு தளர்ந்தால் மேலே தூவும் க்ரம்பிள் அடியில் இறங்கிவிடும். குளிர்ந்த வெண்ணெயை மைதாவோடும் சர்க்கரையோடும் விரல் நுனியால் பிசிறுவதே க்ரம்பிள். ஜெர்மனியிலிருந்து குடியேறியவர்கள் கொண்டுவந்த பழக்கம். ஓவனில் 350 டிகிரி ஃபாரன்ஹீட். வாசனைக்குப் பட்டை, சுக்கு, கிராம்பு, ஜாதிக்காய். இத்தகைய மசாலாக்களைப் பொடித்துக் கலந்து மெக்கார்மிக் நிறுவனம் 1934-இலேயே விற்கத் தொடங்கிவிட்டது. நான் அதை வாங்குவதில்லை. அக்கா அனுப்பும் கன்னியாகுமரிக் கிராம்பின் காரம் அந்த டப்பாவில் கிடையாது.

செய்முறையை அக்காவுக்குச் சொன்னேன். ஆரணி வீட்டில் ஓவன் இல்லை. குக்கரில் கேஸ்கட்டையும் வெயிட்டையும் எடுத்துவிட்டு, அடியில் உப்பைப் பரப்பிச் சிறுதீயில் வைத்தார். கேக் உப்பி வந்தது. ஆனால் குக்கரில் மேலிருந்து சூடு இறங்காது, க்ரம்பிள் சிவக்கவில்லை. அக்கா அசரவில்லை. அடுத்த தடவை க்ரம்பிளை வாணலியில் தனியாக வறுத்தார். கூடவே வேர்க்கடலையை வறுத்துத் தோல் நீக்கி இடித்துச் சேர்த்து, கேக் முக்கால் வேக்காட்டில் இருக்கும்போது தூவி மூடினார்.

“வெறும் மாவும் வெண்ணெயும் என்னடி ருசி? கடலையைப் போட்டுப் பாரு” என்றார் போனில்.

எங்கள் திருவண்ணாமலை மாவட்டத்துக்காரர்களுக்கு வேர்க்கடலை இல்லாமல் எதுவும் முழுமையாகாது. அதுவும் தென்னமெரிக்காவில் பிறந்ததுதான் என்று அக்காவிடம் சொன்னேன். “இருக்கட்டுமே, நம்ம கொல்லையில விளையுது இல்ல?” என்றார். அவர் சொன்னதுதான் சரி.

இப்போது பியோரியாவிலும் என் கேக்கின் மேல் கடலைதான். மார்ட்டனில் பிறந்து வளர்ந்த பக்கத்து வீட்டுப் பாட்டி இரண்டு துண்டு சாப்பிட்டுவிட்டுச் செய்முறை எழுதிக்கொண்டார். பரங்கி பற்றி அவருக்குக் கேட்க ஒன்றுமில்லை. கடலையை எவ்வளவு பொடிப்பது என்பதுதான் சந்தேகம். ரவையைவிடச் சற்றுப் பெரிதாக, கொரகொரப்பாக என்றேன்.